பச்சை உடம்புக்காரியின் பக்கத்துப் பாய்

ஆச்சி பேறுகால மருந்து கிண்டுகிற அன்று தெருமுனையிலேயே மணம் தெரிந்துவிடும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாவற்றையும் வறுத்து இடித்துத் துணியில் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் பிரிந்து வரும்வரை கிண்டுவாள். திருநெல்வேலிப் பக்கம் மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவந்த வீடுகளில் இது நடந்தே தீரும். காலையில் நெல்லிக்காய் அளவு ஓர் உருண்டை, மதியம் பூண்டுக் குழம்பு, நொச்சி போட்டுக் கொதித்த வெந்நீரில் குளியல், தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை.

1996-ல் மூத்தவனைப் பெற்று வந்தபோது எனக்கும் இதெல்லாம் நடந்தது. மருந்தின் காரத்தைவிட என் மனதில் நிற்பது, என் பக்கத்தில் ஆச்சி விரித்துப் படுத்த பாய். தலைமாட்டில் வேப்பங்கொத்தும் ஓர் இரும்புச் சாவியும் இருக்கும். “பச்ச ஒடம்புக்காரியத் தனியா விடப்பிடாது, காத்து கருப்பு அண்டிரும்” என்பாள். நாற்பத்தொரு நாளும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒருநாள் நடுச்சாமத்தில் காரணமே தெரியாமல் அழுதேன். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை பட்டாசலில் நடந்தாள். காத்து கருப்பு என்று அவள் எதைச் சொன்னாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

அந்தக் காலத்தை நான் பொன்னாக்கிச் சொல்ல விரும்பவில்லை. என் அம்மாவின் பேறுகாலத்தில் எண்ணி நாலு மடக்கு வெந்நீர்தான். நாக்கு வறண்டாலும் கேட்கக்கூடாது. தீட்டு என்று இருட்டறையில் ஒதுக்கினார்கள். பிள்ளையை எடுத்து, தாயையும் சேயையும் குளிப்பாட்டிய மருத்துவச்சிகள் பெரும்பாலும் முடிதிருத்துவோர் சமூகத்துப் பெண்கள். கூலி நெல்லாக வரும். அவர்கள் பெற்றபோது பக்கத்தில் யார் படுத்தார்கள்? நடவுக்குப் போன பெண்களுக்கு நாற்பத்தொரு நாள் ஏது? குதிரில் நெல் இருந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் அந்த ஓய்வு வாய்த்தது.

சட்டமும் வெகுகாலம் அவர்களை எட்டிப் பார்க்கவில்லை. 1961-ன் மகப்பேறு பயன்கள் சட்டம் ஆலை, சுரங்கம், தோட்டங்களில் வேலை பார்த்த பெண்களுக்கு 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 2017-ல் அது முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமானது. வயலில் நின்றவளுக்கு அதில் இடமில்லை. அவளையும் கணக்கில் எடுத்தது, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-ல் தமிழக அரசு தொடங்கிய உதவித் திட்டம்தான். 2006-ல் 6,000 ரூபாயாக உயர்ந்த தொகை பிறகு 18,000 வரை போனது. 2015-ல் அரசு மருத்துவமனைகளில் பெற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய பெட்டகத்தில், பிள்ளைக்கான சட்டை, கொசுவலை, சோப்போடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆச்சியின் மருந்து அவளைப் போன்ற ஒருத்தி இல்லாத வீட்டுக்கும் போய்விட்டதே!

பாயைத்தான் யாராலும் பெட்டியில் வைத்துக் கொடுக்க முடியவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பக்கத்துக் கிராமங்களில் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடு பிணக்கு ஆகியவற்றோடு, கைவேலைக்கு உதவ ஆளில்லாததையும் ஒரு காரணமாக எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னையில் இளையவளைப் பெற்றிருந்தேன். அம்மாவும் இல்லை, ஆச்சியும் இல்லை. மருந்து மட்டும் ஊரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி, பிள்ளையின் அழுகையும் என் அழுகையும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும், மாடி வீட்டு அக்கா கதவைத் தட்டினார்கள். கக்கத்தில் சுருட்டிய பாய்.

“நீ படும்மா. பசிச்சா எழுப்புறேன்.”