குருநகர்ப் பரவைக்கடல்

யாழ்ப்பாணத்திற் காணத்தக்க இடங்கள் யாவையென வினவுவார்க்கு நல்லூரும் கோட்டையும் கசூரினாக் கடற்கரையும் விடையாக அமைதல் வழக்கம். நகரின் தென்னோரத்தே குருநகரிலிருந்து விரியும் பரவைக்கடலை அவ்வரிசையிற் சேர்ப்பார் அரியர். முன்னாளிற் கரையூர் என வழங்கிய இவ்வூரை மீன் வாங்கச் செல்லும் இடமாகவே கருதிப் பழகிவிட்டோம். இயற்கையெழில் மனிதர் கால்படாத காட்டில் மட்டுமே உண்டென்ற எண்ணமும் இதற்கு ஒரு காரணமாகலாம். இதுவோ பல தலைமுறையினர் இறங்கி உழைத்த நீர்நிலை.

ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரந்த யாழ்ப்பாணக் கடனீரேரியின் பெரும்பகுதி ஓரிரு மீற்றர் ஆழமே உடையது. கதிரொளி அடித்தளம்வரை செல்வதாற் சாதாளை செழிக்கிறது; சாதாளையினூடே இறாற் குஞ்சுகள் வளர்கின்றன. அவை முட்டையிலிருந்து வெளிப்படுவது புறக்கடலில். வளரும் பருவத்திற் கடனீரேரிக்குள் வந்து, முதிர்ந்தபின் மீண்டும் கடலையே நாடுவன. இப்போக்குவரத்தை நன்கறிந்தோர் வகுத்ததே களங்கட்டி. தடிகளை நாட்டி, வலையை மதில்போல நிறுத்தி, நீரோட்டத்தோடு வரும் இறாலையும் மீனையும் கூட்டினுள் வழிப்படுத்தும் இம்முறை, நூல் கல்லாமலே நீரின் இயல்பைக் கற்றோர் ஆக்கமாகும். கரையோரக் கண்டல்களிலும் வற்றுநீரில் வெளிப்படும் சேற்றுத்திட்டுகளிலும் பறவைகள் இரைதேடும். ஐப்பசி தொடங்கிப் பங்குனிவரை வட ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்தும் உள்ளானும் இக்கடனீரேரிக்கு வந்து சேரும். பூநாரைக் கூட்டங்களையும் அக்காலத்திற் காணலாம்.

இந்நீர்ப்பரப்பு யானைகளின் வழியாகவும் இருந்தமை இன்று வியப்பளிக்கக்கூடும். கடனீரேரி கிழக்கே சுருங்குமிடம் ஆனையிறவு. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகளை ஆழமற்ற அந்நீரினூடாகவே குடாநாட்டுக்குக் கொணர்ந்தனர். யாழ்ப்பாண மன்னரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றுவந்த போர்த்துக்கேயர் 1619இல் அரசையே கைக்கொண்டனர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் யானை விற்பனையைப் பெருவணிகமாக நடத்தினர். கோல்கொண்டா வணிகர் வந்து வாங்கிச் சென்றனர். வடகடற் சங்கு வங்காளத்து வளையல் தொழிலுக்கும், உலர்த்திய கடலட்டை சீனத்துச் சந்தைக்கும் சென்றன. நம் கடலின் மதிப்பை நம்மினும் அயலார் நன்கறிந்திருந்தனர் போலும்!

ஆங்கிலேயர் ஆட்சியில் மாற்றம் வேறு வகையில் வந்தது. வீதிக்கும், 1905இல் முற்றுப்பெற்ற வடபகுதிப் புகையிரதப் பாதைக்குமாக ஆனையிறவில் எழுந்த அணை, கிழக்கு நீருக்கும் மேற்கு நீருக்கும் இடையிலான ஓட்டத்தைத் தடுத்தது. கிழக்கந்தத்திலுள்ள சுண்டிக்குளம் 1938இற் பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. பறவைகளுக்கு அவ்வெல்லை தெரியாது. மேற்கிலும் அவை இறங்கிக்கொண்டே இருக்கின்றன.

பரவைக்கடலின் பிற்கால வரலாற்றைத் துயரின்றி எழுத இயலாது. 1986 யூன் 10ஆம் நாள், தொழிலுக்குச் சென்ற மீனவர் முப்பதுக்கு மேற்பட்டோர் மண்டைதீவை அடுத்த கடலிற் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் குருநகரைச் சேர்ந்தவர். பின்வந்த போராண்டுகளிற் கடனீரேரியின் பல பகுதிகள் தொழிலாளருக்கு மூடப்பட்டன. ஆளரவமற்ற நீரிலே பறவையும் மீனும் பெருகியிருக்குமெனச் சிலர் மகிழ்வர். வலைவீசுவோரை நீக்கிவிட்டுக் காக்கப்படும் இயற்கை எத்தகையது என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை.

2009இற் போர் முடிந்தபின் வள்ளங்கள் மீண்டன. கடந்த சில ஆண்டுகளிற் கடலட்டைப் பண்ணைகள் வலையடைப்புகளாகக் கடனீரேரியிற் பெருகியுள்ளன. வருவாய் கருதி அவற்றை வரவேற்போர் உளர். மீன் செல்லும் வழியை அவை மறிக்கின்றன என்று சிறுதொழிலாளர் முறையிடுகின்றனர். யானைக்கும் சங்குக்கும் விலை பேசிய சந்தை இன்னும் ஓயவில்லை. பூநாரை காண வருவோர், கூடுமாயின் களங்கட்டி பார்க்கச் செல்லும் வள்ளமொன்றில் ஏறிச் செல்லட்டும். எந்தத் திட்டிற் பறவை இறங்கும், எந்த ஓட்டத்தில் இறால் ஏறும் என்பவற்றை, தண்டு வலிப்பவரிடமே கேட்டறியலாம்.