நெல்லியும் நெருப்பும்: காட்டைச் சுடும் கலை குறித்துச் சில குறிப்புகள்

1

பங்குனி மாசத்து இராத்திரிகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலைச்சரிவில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். அதியமான்கோட்டைக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாய், கிழக்கே வத்தல்மலை. எந்தப் பக்கம் எரிந்தாலும் என் ஆயா சொல்வது ஒன்றுதான்: 'மலை எரியுது, மழைக்கு வழி பண்றாங்க.' மறுநாள் டீக்கடைப் பேப்பரில் அதே தீ 'சமூக விரோதிகளின் செயல்' என்று வந்திருக்கும். ஒரே நெருப்புக்கு இரண்டு வாசிப்புகள். இரண்டாவது வாசிப்புக்கு மட்டும் சட்டமும் சீருடையும் இருக்கின்றன. முதல் வாசிப்பு எப்படி மூடநம்பிக்கையாகவும் பிறகு குற்றமாகவும் ஆனது என்பதைத்தான் இங்கே பேசப் பார்க்கிறேன்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் திணைக் கோட்பாட்டை ஒரு பட்டியலாக மனப்பாடம் பண்ணியவன் நான். குறிஞ்சி என்றால் முருகன், தினை, கிளி, பறை, தேனழித்தல். தலைவி கிளி ஓட்டும் தினைப்புனம் காதலுக்கான பின்புலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் புனம் எப்படி வந்தது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கானவர் மரம் வெட்டிச் சுட்டு, சாம்பலில் விதைத்த நிலம் அது. அகில் புகை மலையில் ஏறுவதைச் சங்கக் கவிதைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. களவொழுக்கம் நடக்கிற இடத்தில் முதலில் ஒரு தீ நடந்திருக்கிறது. அந்தத் தீயை உழைப்பாக வாசிக்காமல் வாசனையாக மட்டுமே வாசித்ததில் நம் தமிழ்க் கல்விக்கும் பங்கு இருக்கிறது.

2

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்தத் தருமபுரிச் சீமையை அளந்து தீர்வை போட்டார்கள். அளக்கிறவனுக்கு ஏர் ஓடுகிற நிலம்தான் கண்ணுக்குத் தெரியும். இந்த வருஷம் சுட்டு விதைத்து, அடுத்த வருஷங்களில் விட்டுவிட்டு, காடு ஏறிய பிறகு திரும்பி வருகிற நிலம் எந்தப் பத்தியிலும் அடங்காது. கொத்துக்காடு, புனக்காடு என்று மலைக்காரர்கள் பெயர் வைத்திருந்த நிலங்கள் தாளில் தரிசு ஆயின.

அடுத்தது வனத்துறை. 1856இல் ஹ்யூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக அமர்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் குமரி என்று அழைக்கப்பட்ட சுட்டெரிப்பு வேளாண்மை, மரத்தை வீணாக்கும் காட்டுமிராண்டித்தனம் என்ற சொல்லாடல் இந்தக் காலத்தில்தான் கெட்டிப்படுகிறது. கப்பலுக்கும் ரயில்பாதைக் கட்டைக்கும் மரம் வேண்டியிருந்த அரசு அது என்பதை மறக்கக்கூடாது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. அதுவரை ஒரு சமூகத்தின் பருவகாலச் செயலாக இருந்தது, அன்றிலிருந்து தனிமனிதனின் குற்றச்செயல்.

அதிகாரத்துக்குள்ளேயே இது குறித்து ஒருமித்த கருத்து இருந்ததா என்றால் இல்லை. 1856 முதல் பர்மாவில் வேலை பார்த்த டீட்ரிச் பிராண்டிஸ், கரென் மக்கள் சுட்ட புனத்திலேயே அவர்களைக் கொண்டு தேக்கு நடவைத்தார். 'டௌங்யா' என்ற பர்மியச் சொல்லே வனவியல் கலைச்சொல்லாயிற்று. புனம் சுட்டவர்கள் அரசாங்கத் தோட்டத்தின் கூலிகளானார்கள். தீயை அறவே தடுத்த தேக்குக் காடுகளில் வேறொன்று நடந்தது: மற்ற மரமும் புதரும் அடர்ந்து தேக்குக் கன்றுகள் எழாமல் போயின. 1896இல் 'இந்தியன் பாரஸ்டர்' இதழில் ஸ்லேட் என்ற அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவுமீறிப் போய்விட்டது என்றே எழுதினார். ஆக, தீ காட்டுக்கு எதிரி என்பதை வனத்துறையே முழுக்க நம்பவில்லை. தீக்குச்சி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் அதற்குச் சந்தேகமே வரவில்லை.

3

தூரத்து உதாரணம் ஒன்று, நம் வழக்கைத் தெளிவாக்குவதால் சொல்கிறேன். அமெரிக்காவின் 'பிரெய்ரி' மரமற்ற பெரும் புல்வெளி. அங்கிருந்த பூர்வகுடிகள் அதை எரித்தே வளர்த்தார்கள். குடியேறிகள் உழுது தீர்த்தார்கள். 1930களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மாடிசனில் ஒரு பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரியைத் திரும்ப நட்டுப் பார்த்தது. ஆல்டோ லியோபோல்டு அதில் இருந்தார். நட்டால் மட்டும் போதவில்லை. ஐரோப்பியப் புல் ஏறி மூடியது. 1940களில் ஜான் கர்டிஸ் முதலானோர் தீ வைத்துச் சோதித்தார்கள். ஆழ வேர்விட்ட நாட்டுப்புல் சாம்பலிலிருந்து தழைத்தது, வந்தேறிப் புல் பின்வாங்கியது. இன்றைக்கு அங்கே இதற்கு 'பிரிஸ்கிரைப்டு ஃபயர்' என்று பெயர். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி காற்று, ஈரப்பதம், வெப்பம் எல்லாம் குறித்துக்கொண்டு வைக்கிற தீ.

வில்லியம் ஜோர்டன் என்பவர் 2003இல் எழுதிய 'தி சன்பிளவர் பாரஸ்ட்' நூலில், இப்படி நிலத்தை மீட்பதை ஒரு சடங்காக, நிகழ்த்துகலையாகப் பார்க்கச் சொல்கிறார். நல்ல யோசனைதான். எங்கே மூட்டுவது, எங்கே விடுவது, எந்தக் காற்றுக்குக் காத்திருப்பது என்பதில் படைப்பாளியின் தீர்மானம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மாடிசன் நிலம் 1832 ஒப்பந்தத்தில் ஹோ-சங்க் மக்கள் பறிகொடுத்தது. ஆளைத் துரத்திவிட்டு அவன் கலையை அருங்காட்சியகத்தில் வைப்பது நமக்கும் பழக்கமான வேலைதானே.

4

இனி நம்ம பக்கம். சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே, கர்நாடகத்து பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் வாழ்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தாளவாடியிலும் பர்கூரிலும் அவர்கள் சனம்தான். அவர்களுக்குத் 'தரகு பெங்கி' என்றொரு வழக்கம் இருந்தது: சருகுத் தீ. கோடையின் தொடக்கத்திலேயே, புல்லில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே வைத்துவிடுகிற தாழ்ந்த தீ. சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுவிட்டுப் போகும், மரத்தின் உச்சிக்கு ஏறாது. உண்ணி சாகும், புதுப்புல் வரும், நடக்க வழி கிடைக்கும்.

1974இல் அந்த மலை சரணாலயமானது. புனமும் நின்றது, தீயும் நின்றது. அதன்பிறகு உண்ணிச்செடி ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் பூந்தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த அதே லாண்டானா. 1997க்கும் 2008க்கும் இடையில் அந்த மலையில் அது ஏறக்குறைய இருமடங்கு இடங்களுக்குப் பரவியதை ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். இப்போது தீ பிடித்தால் ஆள் உயரப் புதரில் பற்றி மரத்துக்கு ஏறுகிறது. சின்னத் தீயைத் தடை செய்ததில் பெருந்தீக்கு விறகு சேர்ந்துவிட்டது.

சோளகர் இன்னொன்றும் சொல்கிறார்கள். தீ நின்றபிறகு நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்து மரங்கள் பட்டுப்போகின்றன, சருகுத் தீ தான் அதை அடக்கி வைத்திருந்தது என்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நெல்லிக்கனி என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு அதியமான், ஔவை, கொடை. கோட்டையின் பெயரிலேயே அவன் இருக்கிறான். கொடுத்தவன் பெயரும் வாங்கியவள் பெயரும் இரண்டாயிரம் வருஷமாக நிற்கின்றன. அந்த நெல்லி நின்ற மலையைப் பராமரித்தவர்கள் யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கொடையின் கதையாடலுக்குள் உழைப்புக்கு இடம் கிடையாது.

5

தருமபுரிச் சந்தையில் சாமை விற்க வந்திருந்த வத்தல்மலைப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் தயங்கினார். 'எதுக்கு சார் கேக்கறீங்க, நீங்க ஆபீஸா?' இல்லை தாத்தா, வாத்தியார் மாதிரி என்றேன். பிறகு சொன்னார்: 'கீழயிருந்து வெச்சா அது ஓடும், நாம பிடிக்க முடியாது. மேலயிருந்து வெச்சு இறக்கணும். அது நடந்து வரும், நாமளும் கூடவே நடக்கலாம்.' சரிவில் ஏறும் தீ வேகமெடுக்கும், இறங்கும் தீ மெதுவாகும் என்பது இன்றைய தீயியல் பாடம். அவர் அதை நடையாகச் சொன்னார். இப்போ வைக்கிறதுண்டா என்று கேட்டதற்கு, 'அந்தக் கை எல்லாம் போயிடுச்சு சார்' என்று மூட்டையைக் கட்டினார்.

எல்லாத் தீயையும் நான் கொண்டாடவில்லை. 2018 மார்ச் 11இல் குரங்கணி மலைத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதை மறந்துவிட்டுத் தீயைக் கவித்துவப்படுத்துவது அயோக்கியத்தனம். நீலகிரிப் புல்வெளிகளில் வெள்ளைக்காரன் நட்ட வாட்டில் மரத்தின் விதை, தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும்; அங்கே தீ மட்டும் மருந்தாகாது, கையால் பிடுங்கித்தான் ஆகவேண்டும். இந்த இடத்தில், இந்தச் செடிக்கு, இந்தப் பருவத்தில் என்று தெரிந்திருப்பதுதான் அந்தக் கலை. தடை அழித்தது அந்தத் தெரிவைத்தான்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. 2011இல் பிலிகிரி ரங்கன் மலையில் 25 சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தது. ஆனால் சரணாலயத்தில் தீ மூட்டத் தடைவிதிக்கும் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. வருஷாவருஷம் வனத்துறையே தீத்தடுப்புக் கோடுகளை எரித்துப் போடுகிறது. அந்த வேலைக்குக் கூலியாக மலைச்சனம்தான் போகிறது. பர்மாவில் கரென் மக்களுக்கு நடந்தது இங்கேயும் நடக்கிறது.

நாளைக்கு 'திட்டமிட்ட தீ' என்று நம் பல்கலைக்கழகங்களும் துறைகளும் ஒரு திட்டம் கொண்டுவரலாம், கருத்தரங்கும் போடலாம். அப்போது சீட்டு எழுதுகிறவர் யார், குச்சி கிழிக்கிறவர் யார், தீ எல்லை மீறினால் வழக்கு யார்மேல் விழும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்க நாம் அங்கே இருக்கவேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுகிறபோதும் மாடியிலிருந்து பார்த்தேன். வத்தல்மலைப் பக்கம் ஒரு கோடு எரிகிறது. அது கீழிருந்து ஏறுகிறதா, மேலிருந்து இறங்குகிறதா என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆயா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.