கலயமும் பனையேறியும்

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைப் பக்கம் போனால் பனைகள் கண்ணில் படாமல் இருக்காது. ஒரே பனையின் சர்க்கரையைத் தின்று வாழும் இரண்டு உயிர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, விடியுமுன் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, தளைநாரைக் காலில் மாட்டி மரமேறுகிற பனையேறி. மற்றது, அவர் பாளையில் கட்டிய கலயத்துக்குள் அழையாமல் குடியேறுகிற ஈஸ்ட்.

இரண்டுக்கும் இரை ஒன்று, முதல் பந்தியும் ஒன்று. பதநீரிலும் கருப்பட்டியிலும் மிகுதியாக இருப்பது சுக்ரோஸ். அதை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும் வேலையை ஈஸ்ட் கலயத்திலும், பனையேறியின் சிறுகுடல் வயிற்றிலும் செய்கின்றன. பிறகு ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும்வரை பாதை பிரிவதில்லை. இதுவரை நிகர வரவு இரண்டு ஏ.டி.பி. ஏ.டி.பி. என்பது செல்லின் சில்லறைக் காசு. தசை அசைய, நரம்பு பேச, எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும். 1929-இல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

சர்க்கரை உடையும்போது எலெக்ட்ரான்கள் கழன்று வருகின்றன. அவற்றைச் சுமக்கும் மூலக்கூறுகள் செல்லில் கொஞ்சம்தான். கட்டிய கலயங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, ஊற்றிவைக்க அண்டா இல்லை என்றால் பனையேறி என்ன செய்வார்? வேலை நின்றுபோகும். செல்லுக்கும் அதே நெருக்கடி. ஆக்சிஜன்தான் அந்த அண்டா. அது எரிபொருள் அன்று. எரிபொருளிலிருந்து வடிந்த எலெக்ட்ரானைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் பாத்திரம்.

இங்கேதான் இருவரும் பிரிகிறார்கள். நுரை ததும்பும் கலயத்தில் காற்று குறைவு. ஈஸ்ட் எலெக்ட்ரானைப் பைருவேட்டிலிருந்து வந்த பொருளின் மேலேயே இறக்கிவைத்துவிடுகிறது. அது சாராயமாகிறது, கரியமில வாயு குமிழியிடுகிறது. வரவு அந்த இரண்டு ஏ.டி.பி.யோடு சரி. பனையேறியின் தசையிலோ, பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுவதும் சிதைகிறது. எலெக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கிவர, அந்த இறக்கத்தின் விசையில் ஹைட்ரஜன் அயனிகள் ஒரு சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும்போது ஒரு நுண்சக்கரம் சுழன்று ஏ.டி.பி.யை வார்க்கிறது. 1961-இல் இந்தக் கருத்தை முன்வைத்த பீட்டர் மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடிப்படியில் காத்திருக்கும் ஆக்சிஜன், எலெக்ட்ரானை ஏற்று நீராகிறது. வரவு ஏறத்தாழ முப்பது ஏ.டி.பி.

இரண்டுக்கும் முப்பதுக்கும் உள்ள தூரத்தைப் பனையிலேயே அளக்கலாம். அறுபது கிலோ எடையுள்ளவர் ஐம்பது அடி மரம் ஏற, சுமார் இரண்டு கிராம் சர்க்கரை போதும். முப்பது மரம், காலையும் மாலையும் என்றால் 120 கிராம். ஈஸ்டின் வழியில் அதே ஏற்றத்துக்கு 1,800 கிராம் வேண்டும். கிட்டத்தட்ட பதினைந்து லிட்டர் பதநீர்! ஏறி இறக்கியதில் ஒரு நல்ல பங்கை அவரே குடித்தாக வேண்டும்.

பனையேறியும் சில நொடிகள் ஈஸ்டைப் போல நடந்துகொள்வதுண்டு. விறுவிறுவென ஏறும்போது ஆக்சிஜன் போதாத தசை, பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றிச் சமாளிக்கிறது. ஆனால் அது கடன். உச்சியில் மட்டையைப் பிடித்து மூச்சு வாங்கும்போது அந்த லாக்டேட்டை உடல் மறுபடி எடுத்துக்கொள்கிறது. ஈஸ்ட் சாராயத்தை வெளியே தள்ளிவிட்டு, சர்க்கரை உள்ளவரை திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் ஈஸ்டுக்கு மூச்சு விடத் தெரியாமல் இல்லை. காற்று கிடைத்தால் அதே சர்க்கரையில் அது அதிகம் பெருகுகிறது என்று 1861-லேயே பாஸ்டர் காட்டினார். ஆனால் சர்க்கரை மிகுந்த இடத்தில் காற்று இருந்தாலும் அது நொதிக்கத்தான் பார்க்கும். வேகமாக வாரிச் சுருட்டலாம். சாராயம் போட்டி நுண்ணுயிர்களையும் ஒடுக்கும். சிக்கனம் அதற்குத் தேவையில்லை, முந்திக்கொள்வதுதான் தேவை.

அது சிந்திய மிச்சம் எவ்வளவு? குளுக்கோஸின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாராயத்திலேயே தங்கியிருக்கிறது. சாராயம் தீப்பிடிப்பது அதனால்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது இந்தச் சிந்தலைத் தடுக்கத்தான். காரம் ஏறிய பதநீரில் ஈஸ்ட் தலையெடுக்காது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் சுண்ணாம்பு சட்டத்தின் காவலும் ஆனது.

சுண்ணாம்பு தடவாத கலயத்தைத் திறந்தே வைத்தால் இன்னொன்று நடக்கும். கள் புளித்துக் காடியாகும். காற்றில் வந்து விழும் அசிட்டிக் பாக்டீரியாவின் வேலை அது. ஈஸ்ட் கழித்துப்போட்ட சாராயத்தை, ஆக்சிஜனின் துணையோடு அது தின்று பிழைக்கிறது. ஒருவர் எச்சிலில் இன்னொருவருக்கு விருந்து மிஞ்சியிருந்ததென்றால், குறை சர்க்கரையில் இல்லை. எலெக்ட்ரான் அந்த ஆக்சிஜன் அண்டாவைச் சேராமல் போனதில்தான்.