இருபத்தொன்றா, பதினெட்டா? ஊவாத் தோட்டங்களும் மதுவயதெல்லையும்

ஒருவன் எவ்வயதில் ஆடவனாகின்றான் என்னும் வினாவிற்கு இலங்கைச் சட்டம் ஒரு விடையும், மலைநாட்டுத் தோட்டம் வேறொரு விடையும் அளித்து வந்துள்ளன. சட்டத்தின் விடைதானும் ஒன்றாய் நின்றதன்று. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பராய வயது 21 எனக் கொண்டது. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 18 ஆக்கிற்று. வாக்குரிமையும் 18 வயதிலேயே கிட்டுகின்றது. ஆயினும், புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாத எவருக்கும் மதுவை விற்றலாகாது என விதித்தது. பாராளுமன்றத்திற்கு உறுப்பினரைத் தெரியும் தகுதியுடையான் ஒரு போத்தல் சாராயம் வாங்கும் தகுதியற்றவனாதல் முரணன்றோ, இவ்வெல்லையையும் 18 ஆகக் குறைத்தாலென்ன என்று வினவுவார் உளர். கேள்வி நேரியதே. ஆனால் ஊவாத் தோட்டங்களில் அதன் பொருள் நகரத்திலுள்ள பொருளன்று. அதனை உணர்தற்குப் பதுளை மலைகளுக்கு மது வந்த வழியை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

மது தமிழருக்குப் புதியதன்று. அதியமானும் ஔவையும் உடனிருந்து கள்ளுண்டமை புறநானூற்றால் அறியப்படும். கள்ளைக் கடிந்த வள்ளுவரும் இளையோர், முதியோர் என வேறுபடுத்தினாரல்லர். கள்ளுண்ணாமையை அவர் அறத்துப்பாலில் வையாது, பொருட்பாலில் சூதுக்கு முன்னர் வைத்தமை கருதத்தக்கது. குடியைப் பொருளழிவோடு சேர்த்தெண்ணும் அம்முறை தோட்டத்து வாழ்வுக்குப் பெரிதும் பொருந்துவது.

ஊவாவின் குளிர்ந்த மலைகள் தென்னைக்கு உரிய நிலமல்ல. சாராயம் களுத்துறை முதலிய மேல்கரைப் பகுதிகளில் தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்டு, மாட்டுவண்டிகளில் மலையேறிற்று. ஒரு பகுதியில் அதனை விற்கும் தனியுரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. கூடுதலான தொகை கேட்டவன் குத்தகைக்காரனானான். அவன் முன்னரே பெருந்தொகை கட்ட ஒப்பியவனாதலின், விற்பனை மிகுந்தாலன்றி அவனுக்கு இலாபமில்லை. நெல் விளைக்கும் கிராமத்தானிடம் காசு அரிது. காசாகக் கூலி பெறுபவன் தோட்டத் தொழிலாளியே. தவறணை தோட்டத்தை நாடிச் சென்றதன் காரணம் இதுவே. குடிப்பழக்கத்தைத் தொழிலாளியின் பிறவிக் குணம் போல் எழுதிய துரைமார் பலர் இக்கணக்கை எண்ணிப் பார்த்தாரல்லர்.

கோப்பிக் காலத்துத் தொழிலாளருட் பெரும்பாலோர் தனித்து வந்த ஆடவர். பறிப்புக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் மடுல்சீமையில் முதன்முதல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் பின் வந்த தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பெண்ணின் கையையும் சிறுவரின் கையையும் வேண்டுவது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. முன்னர் ஆடவர் கூட்டத்தின் அயலில் நின்ற தவறணை, இப்பொழுது குழந்தைகள் வளரும் வீடுகளின் அயலில் நின்றது. வயதெல்லை பற்றிய வினாவின் வேர் ஈண்டே உள்ளது.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு பழைய குத்தகை முறை மாறிற்று. கள் விற்பனையைச் சாராயத்தினின்றும் பிரித்து ஒழுங்குபடுத்துவதாகக் கூறி, நாடெங்கும் கள்ளுத் தவறணைகள் நூற்றுக்கணக்கில் திறக்கப்பட்டன. எஃப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் முன்னின்ற மதுவொழிப்பு இயக்கம் இதனை எதிர்த்து ஊர்தோறும் கூட்டங்கள் நடத்தியது. அவ்வலை லயங்களை எட்டியது மிகக் குறைவே. தோட்டத்துக்குள் வெளியார் நுழைதல் துரையின் இசைவைப் பொறுத்ததாயிற்றே! 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை அடைந்தது. போத்தல்களின் பயணமும் அதனால் எளிதாயிற்று.

1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தபோது பதுளைக்கும் வந்தார். அப்பயணத்தில் தொழிலாளரிடம் அவர் வற்புறுத்தியவற்றுள் குடியைக் கைவிடுதல் ஒன்று. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் அவ்வாண்டிற்குரியதே. அது சம்பளத்தை ஆண், பெண், சிறுவர் என மூவகையாக வகுத்தது. தோட்டம் வயதை எண்ணிய முறைக்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பிரட்டுக்களத்தில் ஒரு பையனின் பெயர் ஆள் சம்பளத்துக்குப் பதியப்பட்ட நாளே அவன் ஆடவனான நாள். சம்பளம் பெறுபவனைத் தவறணையில் தடுப்பார் யார்? மனைவியின் சம்பளத்தையும் வீட்டு ஆடவரே பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எனவே மலையில் நின்று கொழுந்து பறித்தவளின் காசும் அவள் கண்ணிற் படாமலே தவறணையைச் சேர்ந்தது.

வயதைச் சட்டம் கேட்குமாயின் தாளும் கேட்கும். 1947இல் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய பதுளைத் தோட்ட மக்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் வழி நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் முதல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவர்கள் காத்திருந்தனர். அக்காலத்தே பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதார் தோட்டங்களிற் பலர். அங்கு விற்பவன் வயதளந்த கோல் மீசையே.

சட்டம் வாங்குபவரையே நோக்கி வந்தமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. பெண்களுக்கு மது விற்பதை 1955ஆம் ஆண்டு விதியொன்று தடுத்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களுள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். ஆணா பெண்ணா, 18ஆ 21ஆ என வாதம் எப்பொழுதும் வாங்குபவரைச் சுற்றியே நிகழ்ந்தது. லயத்திலிருந்து தவறணை எத்தனை அடி தூரம் என்னும் வினா அத்தகைய ஆரவாரத்தைப் பெற்றதில்லை.

குறைத்தல் வேண்டும் என்போரின் வலிய வாதம் கசிப்பைப் பற்றியது. தவறணையில் மறுக்கப்படும் இளைஞன் கசிப்புக் காய்ச்சுபவனிடம் செல்வான். அங்கு தரமுமில்லை, அடையாள அட்டை கேட்பாருமில்லை என்பர். இதிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால் கசிப்பை நாடுவோரை ஈர்ப்பது அதன் மலிவு. வரியேற்ற சாராயத்தை 18 வயதினனுக்குத் திறந்துவிடுவதால் அவன் கையிலுள்ள காசு பெருகிவிடாது.

பிற நாடுகளின் அனுபவமும் குறைப்போர்க்குத் துணையாகவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பல 1970களில் வயதெல்லையைக் குறைத்தன. இளைஞரின் வீதி மரணங்கள் கூடவே, 1984இல் நடுவணரசு 21ஐ ஏற்காத மாநிலங்களின் நெடுஞ்சாலை நிதியிற் கைவைத்தது. நியூசிலாந்து 1999இல் எல்லையை 20இலிருந்து 18 ஆக்கிற்று. பின்னர் நிகழ்ந்த ஆய்வில், 18, 19 வயதினரிடை மட்டுமன்றி, சட்டம் தொடாத 15 முதல் 17 வயதினரிடையும் விபத்துக் காயங்கள் ஒப்பளவில் மிகுந்தமை காணப்பட்டது. பசறையிலோ லுணுகலையிலோ தோட்டத்து இளைஞர் பலரிடம் மோட்டார் வாகனமில்லை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயின் காயத்தின் வகையன்று ஈண்டுக் கருதத்தக்கது. எல்லைக்குக் கீழே உள்ளவரிடமும் மது கசிந்தமையே. 18 வயதுத் தமையனும் 15 வயதுத் தம்பியும் ஒரே காம்பராவில் உறங்கும் லயத்தில் அக்கசிவுக்குத் தடுப்பு யாதுளது?

இங்கிலாந்தில் 1901ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வீட்டுப் பெரியோர்க்காக மது வாங்கிவரும் 14 வயதுக்குட்பட்ட சிறுவருக்குத் திறந்த கலத்தில் விற்பதைத் தடுக்க முனைந்தது. தொழிலாளர் தெருக்களில் தந்தை மகனைக் கடைக்கு அனுப்பும் வழக்கமே அதற்குக் காரணம். இலங்கையின் 2006ஆம் ஆண்டு விதி குடித்தலை அன்று, விற்றலையே தடுக்கின்றது. ஆதலின் சம்பள நாள் மாலையில் தந்தை அனுப்ப வந்து நிற்கும் 16 வயதினனுக்கும் அது காப்பாகும். 21 எனில் அவனை விற்பவன் முகம் பார்த்தே திருப்பியனுப்பலாம். 18 எனில், மீசை அரும்பிய அவனை ஐயுறவும் விற்பவனுக்கு மனம் வாராது.