தொடக்கமும் தொடர்ச்சியும்: வழங்கிக் கணினிகளின் தன்னியக்க நிர்வாகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், அரசின் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எரிபொருள் வருவது பெரிதும் அருகியது. மின்சாரமும் இல்லாதொழிந்தது. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயின், குளிர்ந்து கிடக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் எளிதில் உயிர்பெறாது. சிறு போத்தலொன்றிற் பேணிவைத்த பெற்றோலில் சில துளிகளை ஊட்டி அதனைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் முன்னரே இம்முறையில் இயங்கியமையால், குடாநாட்டு மக்களுக்கு இது முற்றிலும் புதிய வித்தையன்று. ஓடும் இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடச்செய்வதும், நின்ற இயந்திரத்தைத் தொடக்குவதும் இருவேறு காரியங்கள் என்பதனைத் தோட்டக்காரருக்கு எவரும் நூலெழுதிக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

கணினித் துறையினர் இதே வேறுபாட்டினைத் தம் கருவிகளுக்குக் கற்பிக்க நெடுங்காலம் முயன்றனர். முயற்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. அம்முயற்சியின் வரலாறே ஈண்டு நோக்கப்படுகின்றது.

வழங்கி என்பது பிற கணினிகள் கேட்பவற்றைக் கொடுக்கும் கணினி. அதில் இடையறாது ஓடும் செய்நிரல் சேவை எனப்படும். மின்னஞ்சலைப் பெறுவதும், இணையப் பக்கத்தை அனுப்புவதும், நூலகப் பட்டியலிலே தேடித் தருவதும் இத்தகைய சேவைகளே. ஒவ்வொரு சேவையும் எவ்வாறு நடக்க வேண்டுமென்பது ஓர் அமைவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான சேவைகள் அக்கோப்பினைத் தொடங்கும் வேளையில் ஒருமுறை வாசித்து நினைவகத்திற் கொள்கின்றன. அதன்பின் கோப்பினை எவ்வளவு திருத்தினாலும் ஓடுகின்ற சேவை அதனை அறியாது. பழைய நினைவிலேயே பணிபுரியும். திருத்தம் பலிக்க வேண்டுமாயின் சேவையை நிறுத்தித் தொடக்குதல் வேண்டும், அல்லது கோப்பினை மீள வாசிக்குமாறு அதற்குச் சைகை காட்டுதல் வேண்டும்.

அச்சைகையின் வரலாறு சுவையானது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் தொலைபேசி இணைப்பு அறுந்துவிட்டால், அவ்விணைப்பை நம்பியிருந்த செய்நிரலுக்கு அதனை அறிவிக்கவென ஒரு சைகை இருந்தது. பின்னணியில் ஓடும் சேவைகளுக்கு அத்தகைய இணைப்பு இல்லை. எனவே அவற்றிடத்து வேலையற்றுக் கிடந்த சைகையை, கோப்பினை மீள வாசிக்கும் கட்டளையாக வழங்கலாயினர். நாற்றம் என்னும் சொல் நறுமணத்திலிருந்து இறங்கிவந்த கதையைப் படித்தவர்க்கு இப்பொருள் மாற்றம் வியப்பளியாது. எல்லாச் சேவைகளும் இச்சைகையை மதிப்பதில்லை என்பதே குறை.

ஓரிரு வழங்கிகள் இருந்த காலத்தில் இவை யாவும் கையால் செய்யப்பட்டன. நிர்வாகி ஒருவர் கோப்பினைத் திருத்துவார், சேவையைத் தொடக்குவார், அது எழுந்ததா எனக் கண்ணாற் காண்பார். கணினிகள் நூற்றுக்கணக்கிற் பெருகவே இம்முறை தளர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானத் துறை நிறுவப்பட்டது மேற்கூறிய இருண்ட காலத்திலேயே, 1991இல். அதற்கு ஈராண்டுகளின் பின், 1993இல், நோர்வேயின் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய மார்க் பேர்ஜஸ் என்னும் பிரித்தானியப் பௌதிகவியலாளர் சீஎவ்என்ஜின் என்ற கருவியை ஆக்கினார். வெவ்வேறு வகை யூனிக்ஸ் கணினிகளைத் தனித்தனியே பராமரிக்கும் தொல்லையே அதன் தோற்றுவாய்.

பேர்ஜஸ் காட்டிய வழி கட்டளையிலிருந்து நிலைக்கு மாறியதாகும். 'பாத்திக்கு நீர் பாய்ச்சு' என்பது கட்டளை. 'பாத்தி நனைந்திருக்க வேண்டும்' என்பது நிலை. முன்னதை மூன்று முறை நிறைவேற்றினால் பயிர் அழுகும். பின்னதை மூன்று முறை சொன்னாலும் தீங்கில்லை. நனைந்த பாத்தியைக் கருவி தொடாது விட்டுவிடும். ஆகவே கருவியை இடைவிடாது மீள மீள ஓடவிடலாம். கணினி எந்நிலையிற் கிடப்பினும் விரும்பிய நிலையை நோக்கி நகரும். 1998இல் இக்கருத்தினை உடலின் நோயெதிர்ப்புக்கு ஒப்பிட்டு அவர் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். லூக் கேனிஸ் 2005இல் வெளியிட்ட பப்பெற், 2009இல் வந்த செவ், 2011இல் வந்த சோல்ற், 2012இல் மைக்கல் டிஹான் ஆக்கிய அன்சிபிள் ஆகியன யாவும் பெரிதும் இக்கருத்தின் வழித்தோன்றல்கள் எனலாம்.

கோப்பு இருத்தல் ஒரு நிலை. சேவை ஓடிக்கொண்டிருத்தலும் ஒரு நிலை. மீளத் தொடக்குதலோ ஒரு செயல், நிகழ்ந்து முடிவது. 'மீளத் தொடக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று நிலையாகக் கூறினால், கருவி ஓடும்போதெல்லாம் சேவையை நிறுத்தித் தொடக்கும். பப்பெற் வழமையாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடுவது. அரைமணிக்கு ஒருமுறை அறுந்து எழும் சேவையை எவர் பொறுப்பர்? எனவே ஆக்கியோர் ஓர் இடைவழி கண்டனர். கோப்பு மாறியிருந்தால் மாத்திரம் சேவைக்கு அறிவித்தல் செல்லும். அறிவித்தல் பெற்ற சேவை மீளத் தொடக்கப்படும். அன்சிபிளில் இவ்வேலைக்கெனத் தனிப் பணிகள் உண்டு. எத்தனை முறை அறிவிக்கப்படினும் அவை, வேறாகக் கூறாவிடின், ஏனைய பணிகளெல்லாம் முடிந்த பின்னர் ஒரே தடவை நிறைவேறும். ஐந்து கோப்புகள் மாறினும் ஒரே மீளத்தொடக்கம் போதும் என்ற சிக்கனம் இதிற் பாராட்டத்தக்கது.

ஆனால் சிக்கனத்தின் இடுக்கிலேயே பிழையும் புகுந்தது. நூலகப் பட்டியற் சேவையொன்றை எடுத்துக்கொள்வோம். கருவி அமைவுக் கோப்பினைத் திருத்துகின்றது. 'இறுதியில் மீளத் தொடக்குக' எனக் குறித்துக்கொள்கின்றது. இறுதிக்கு முன்னர் தொடர்பற்ற வேறொரு பணி, ஒரு மென்பொருட் பொதியை இறக்குவது போன்றது, தவறிவிடுகின்றது. ஓட்டம் அவ்விடத்தே நின்றுபோக, குறிப்பும் மறைகின்றது. நிர்வாகி தவற்றைத் திருத்திக் கருவியை மீண்டும் ஓடவிடுகின்றார். இம்முறை கோப்பு ஏற்கெனவே சரியாக உள்ளது, மாற்றம் இல்லை, மாற்றமில்லையேல் அறிவித்தல் இல்லை, அறிவித்தல் இல்லையேல் மீளத்தொடக்கமும் இல்லை. எல்லாம் நலமென்று கருவி கூறுகின்றது. சேவையோ பழைய அமைவுடன் ஓடுகின்றது. பல மாதங்களின் பின் மின்தடையொன்றால் கணினி நின்று எழும்போதே புதிய அமைவு முதன்முறையாக வாசிக்கப்படும். அதில் எழுத்துப் பிழையொன்று இருந்தால் சேவை எழவே மாட்டாது. பிழைக்கும் அதன் விளைவுக்கும் இடையில் அத்தனை காலம் கடந்திருப்பதால், காரணத்தைத் தேடுவோர் அன்று நடந்தவற்றுள்ளேயே தேடி ஏமாறுவர். கருவியின் குற்றங்களுள் இதுவே மிகக் கொடியது எனத் துணிந்து கூறலாம். ஏனைய பிழைகள் அவ்விடத்தே கூச்சலிடுவன, இது வாய்திறவாது.

பரிகாரங்களும் படிப்படியாகவே வந்தன. இடையிற் பணி தவறினும் குறித்துவைத்த மீளத்தொடக்கத்தை நிறைவேற்றச் செய்யும் தெரிவு அன்சிபிளில் உண்டு. அவற்றை இறுதிவரை காக்காது நடுவிலேயே முடித்துவிடும் வழியும் உண்டு. கோப்பினை இடுமுன்னரே சேவையின் சொந்தச் சோதனைக் கட்டளையால் அதனைப் பரிசோதிப்பது பிறிதொன்று. எளிமையான வழியொன்று வரலாற்று மாணவனின் கண்ணுக்கு உடனே படும்: சேவை தொடங்கிய நேரத்தையும் கோப்பு இறுதியாக மாறிய நேரத்தையும் ஒப்பிடுதல். கோப்பு பிந்தியதாயின், ஓடுகின்ற சேவை அதனை வாசித்ததா என்ற ஐயம் எழுந்தே ஆகும். காலவரிசை காண்பதன்றி இதில் வேறொன்றும் இல்லை.

கருவி கேட்கும் கேள்விக்குச் சேவை பொய்யுரைப்பதும் உண்டு. பழைய தொடக்கக் குறிப்புகள் பல, சேவை இறந்த பின்னரும் அதன் எண்ணைத் தாங்கிய கோப்பினைப் பார்த்து 'ஓடுகின்றது' என்று விடைபகர்ந்தன. 2010இல் தோன்றிய சிஸ்ரம்டி சேவைகளைத் தானே கண்காணித்து இந்நிலையைப் பெரிதும் சீராக்கியது. விழுந்த சேவையைத் தானே எழுப்புமாறும் அதனைப் பணிக்கலாம். வழமையான அமைப்பில் 10 செக்கன்களுள் 5 தடவைக்கு மேல் தொடக்க முயலின் அது முயற்சியைக் கைவிடும். இவ்வெல்லையை அறியாதோர், பிழையைத் திருத்திய பின்னரும் சேவை எழ மறுப்பதைக் கண்டு திகைப்பர்.

கையால் செய்வதே மேல் என இதிலிருந்து முடிவு கட்டுதல் தகாது. 2012 ஓகஸ்ற் 1ஆம் திகதி நைற் கப்பிற்றல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தில், எட்டு வழங்கிகளுள் ஒன்றுக்குப் புதிய செய்நிரலை இட ஊழியர் தவறியிருந்தனர். அதிற் கிடந்த பழைய செய்நிரல் உயிர்பெற்று, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டொலருக்கும் மேற்பட்ட இழப்பை உண்டாக்கியது. பதற்றத்தில் ஏனைய ஏழிலிருந்தும் புதியதை நீக்கியமையால் நிலைமை மேலும் மோசமாயிற்று. எட்டும் ஒரே நிலையில் உள்ளனவா எனச் சரிபார்க்கும் கருவி அங்கு வேண்டியிருந்தது.

2013இல் டொக்கர் வெளிவந்ததன் பின்னர் வேறொரு போக்கு வலுப்பெற்றது. ஓடும் சேவையைத் திருத்தி மீளத் தொடக்குவதைக் கைவிட்டு, அதனை அகற்றிப் புதிய அமைவுடன் புதியதொன்றை அவ்விடத்தில் நிறுத்துவர். பழைய நினைவு என்ற தொல்லை இதனால் பெரிதும் ஒழிகின்றது. ஆயினும் தரவைச் சுமந்திருக்கும் சேவைகளை இவ்வாறு எளிதாக எறிந்துவிட முடியாது. 2023 ஓகஸ்றில் இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமை பணயத் தாக்குதலுக்கு உள்ளாகியது. முறைமை ஏறத்தாழ 12 மணித்தியாலங்களில் மீள இயங்கியது. மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான கடிதங்களுக்குப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரிய அக்காலக் கடிதங்கள் மீளவில்லை.