கீறலின் விலை

பழைய இசைத்தட்டுக்கு விலை வைப்பவர்கள் முதலில் கவனிப்பது பாட்டைவிடக் கீறலைத்தான். ஊசி படாத தட்டுக்கு ஒரு விலை, தேய்ந்ததற்கு ஒரு விலை, உறை கிழிந்திருந்தால் இன்னும் குறைவு. திருப்பூர்க்காரர்களுக்கு இந்தத் தரம்பிரிப்பு பழக்கமானது. பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்கள் ஓட்டையும் எண்ணெய்க்கறையும் பார்த்துத் தள்ளிவைக்கும் பீஸ், காதர்பேட்டையில் மலிவாகப் போகும். ஆனால் பனியனின் ஓட்டை நிட்டிங்கிலோ தையலிலோ நேர்ந்த குறை. தட்டின் கீறல் பெரும்பாலும் கேட்டதால் விழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்போது கேட்டவர்களின் வரலாறு கழித்துக்கட்டப்படுகிறது.

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்த கிராமபோன் கம்பெனி, சில ஆண்டுகளில் தமிழ்ப் பாடகர்களையும் பதிவுசெய்தது. அவர்களில் முக்கியமானவர் தேவதாசி மரபில் வந்த கோயம்புத்தூர் தாயி (1872–1917). அவருடைய தட்டைக் கேட்டுத்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் ‘ராகமாலிகா’வை அமைத்தார். பாரிஸ்வரை போன அந்தத் தட்டுகளின் மூலப்பொருள் அரக்கு. சோட்டாநாகபுரிக் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்தது. பாடியவளும் அரக்கு எடுத்தவர்களும் விளிம்பில் நிற்க, ஆரம்பத்தில் பெட்டி வாங்கிக் கேட்டவர்கள் ஜமீன்தார்களும் வியாபாரிகளும் வக்கீல்களும். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் குரலும் நாடகமேடையிலிருந்து தட்டுக்கு வந்தது. வாங்க முடியாதவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கொங்குப் பகுதியில் அதற்கான விடை மைக்செட். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் பனைமரத்திலோ மூங்கிலிலோ கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, விடிகாலையிலேயே தட்டைச் சுழலவிடுவார்கள். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகும் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. கோயிலின் பாட்டு அவர்களுடைய வளவுவரை போனது. ஒலிக்குத் தீட்டு தெரியாது என்று இதைக் கொண்டாடிவிடலாம். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். கூம்பு எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டது, ‘அந்தப் பாட்டப் போடுங்க’ என்று கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதெல்லாம் ஊர் அதிகாரத்தின் கேள்விகள். கேட்பது இலவசம், தேர்வது இலவசமல்ல. இருந்தும் தட்டு ஒன்று தேயும்வரை ஓடியதற்குக் காரணம் ஊர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதே. எனக்குத் தெரிந்த மைக்செட்காரர் ஒருவர் சொன்னார்: ‘நல்ல பாட்டுத் தட்டு எப்படீங்க புதுசா இருக்கும்?’

பிறகு கேசட் வந்தது. 80களில் தட்டுகள் பரண் ஏறின. பல, எடைக்குப் போயின. அரக்குத் தட்டு கை தவறினால் உடையும். வினைல் வெயிலில் வளையும். இப்படி அழிந்ததுபோக மிஞ்சியதற்குத்தான் இன்று ‘அரியது’ என்று பெயர். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது ஊர்ஊராக ஒலித்த பாட்டின் தட்டும் இப்போது சேகரிப்பாளரின் கண்ணாடி அலமாரிக்கு உரியது. புறக்கணிப்பு உண்டாக்கிய அருமைக்கு, புறக்கணித்த சமூகமே விலை கட்டுகிறது.

பொருளைப் பயன்பாட்டின் நுகத்தடியிலிருந்து விடுவிப்பவனாகச் சேகரிப்பாளனைப் பார்த்தார் வால்டர் பெஞ்சமின். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் தாயியின் குரல் நமக்குக் கிடைத்திராது. அந்தக் கடனை மறுப்பதற்கில்லை. ஆனால் மைக்செட்காரரின் தட்டுக்குப் பயன்பாடு நுகத்தடி அல்ல, அதன் வாழ்க்கை. இன்று தட்டுகளைக் கணினிக்கு மாற்றுபவர்கள் கரகரப்பை நீக்கிப் பாட்டை மட்டும் எடுக்கிறார்கள். அட்டவணையில் பாடியவர் பெயரும் கம்பெனி பெயரும் தட்டு எண்ணும் இருக்கின்றன. அத்துடன், அது யாருடைய பெட்டியில் இருந்தது, எந்த ஊர் நோம்பிகளில் ஓடியது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மைக்செட்காரர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டாக வேண்டிய கேள்வி இது. கேட்கத் தவறினால் நமக்கு மிஞ்சுவது சுத்தமான ஒலி. கேட்டவர்கள் இல்லாத ஒலி.