உரிமத் தாளின் வரலாறு

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மணிலா பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அவருடைய தந்தையார் வபாத்தாகி நாற்பது நாள் கழிந்திருந்தது. "ஹஜ்ரத், அத்தா பன்றிக் காவலுக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி பரண்மீது இருக்கிறது. லைசென்ஸும் இருக்கிறது. இனி அது எனக்குத்தானே?" என்றார். "பொருள் வாரிசுக்கு வரும், உரிமம் வாராது" என்றேன். அவர் திகைத்துப் போனார். அத்திகைப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

துப்பாக்கி என்பது துருக்கி மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். உரிமத் தாளோ ஆங்கிலேயரின் அச்சத்திலிருந்து வந்தது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினியார், அதே ஆண்டு டிசம்பரில் பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்து பிரகடனம் வெளியிட்டனர். 1857 எழுச்சிக்குப் பின் அவர்களது அச்சம் நாடெங்கும் பரவிற்று. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் பிறந்தது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில் வந்ததே என்பது நோக்கத்தக்கது. ஐரோப்பியருக்கு உரிமம் வேண்டுவதில்லை, இந்நாட்டார்க்கு வேண்டும். இந்த இழிவை நீக்குமாறு காங்கிரஸ் மகாசபை பலமுறை தீர்மானம் இயற்றியது. முதல் உலகப் போருக்குப் பின்னரே அந்த இன வேற்றுமை விதிகளிலிருந்து அகன்றது.

விடுதலை பெற்ற நாடு 1959இல் இயற்றிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் வேண்டும் என்னும் விதி நீங்கவில்லை. ஆயினும் அதன் உள்ளம் மாறிற்று. போதிய சொத்தில்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் உரிமம் மறுக்கலாகாது என்கிறது அச்சட்டம். மறுப்பின் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். பயிர்க்காவலுக்கு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் உழவனையும் அது தனியே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தனியே நிற்கிறது.

2016ஆம் ஆண்டு விதிகள் விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சி பெறுவதை வலியுறுத்தின. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்து, மூன்றாண்டாக இருந்த உரிமக் காலத்தை ஐந்தாண்டாக நீட்டியது. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம் செல்லும். காவல்துறையின் அறிக்கை பெற்றே அவர் முடிவு செய்வார்.

உரிமம் பெற்றவர் மறைந்தால், வாரிசுகள் காலம் தாழ்த்தாது துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பின்னர்த் தம் பெயரில் உரிமம் பெற்று மீட்கலாம்; விற்றுவிடவும் செய்யலாம். குறித்த காலம் கடந்தால் அது அரசுக்கு உரியதாகிவிடும். பரண்மீது கிடந்தாலோ, குற்றம் செய்ய எண்ணாத குடும்பம் குற்றவாளியாகிவிடும்.

மாணவர் மறுநாளே துப்பாக்கியை ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றார். அமானிதப் பொருளைக் கொடுத்து வாங்குகையில் எழுதிக்கொள்வது நம் வீடுகளுக்குப் புதிதன்று. அன்று அந்நியன் நம்மை நம்பாமல் கேட்ட தாள் அது. இன்று நம் நேர்மைக்கு நாமே வைத்துக்கொள்ளும் சாட்சி. வீட்டில் துப்பாக்கி உள்ளவர்கள் அத்தாளை எடுத்து, அதில் எவர் பெயர் இருக்கிறது, எந்த நாள் வரை இருக்கிறது என்று இன்றே பார்ப்பார்களாக.